வலப்பாதி மணல்

1

பிப்ரவரி ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. என் மனக்குறையை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: இறந்தது உறுதிப்படாத ஓர் உயிருக்கு என் மகள் இரங்கற்செய்தி அனுப்பிவிட்டாள்.

குடும்பத்தாருக்கான வாட்ஸப் குழுவில், நான் பல் துலக்கி முடிப்பதற்குள், அவள் எழுதியது இது: "அப்பாவும் இவரும் சேந்து நம்ம கொத்தனாரைக் கொன்னுட்டாங்க. யாரும் சிரிக்காதீங்க." எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பி கண்ணீர் வடிக்கும் பொம்மைப் படம் ஒன்றை அனுப்பினான். விவரம் தெரியாத என் சம்பந்தி மட்டும் பதறிப்போய், "சாரத்திலேருந்து விழுந்துட்டாரா? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டிருந்தார்.

கொத்தனார் என்பவர் ஓர் இறால். என் மாப்பிள்ளையின் கடல்நீர்த் தொட்டியில், மணலுக்கடியில் வளை தோண்டிக் குடியிருப்பவர். என் சுண்டுவிரலளவு நீளங்கூட இல்லாதவர்.

பணிக்காலம் முழுவதும் பிறர் எழுதியதைத் திருத்திய நான், இப்போது எழுத உட்கார்ந்ததற்கு அந்தச் செய்திதான் காரணம். அதில் உள்ள பிழைகளுள் பெரியது 'சேந்து' என்பது. எழுத்துப்பிழையை மன்னித்துவிடுகிறேன், பொருட்பிழையை மன்னிப்பதற்கில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்திருந்தால் இது நடந்தே இராது.

2

தொடக்கம் ஒன்று: "ஆழ்கடலின் மர்மங்களை யாரே அறிவார்—"

அடித்துவிட்டேன். எங்கள் தொட்டியின் ஆழம் என் முழங்கைவரைதான்.

தொடக்கம் இரண்டு: "அன்று காலை வானம் மேகமூட்டத்துடன்"

(எங்கள் கூடத்துச் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரும் அதில் பதித்த தண்ணீர்க் குழாயும் தெரியும். வானத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை.)

தொடக்கம் மூன்று: "மணல் என்பது யாது?"

கட்டுரைக்குரிய தொடக்கம். மாணவன் எவனாவது கதையை இப்படித் தொடங்கியிருந்தால் பக்கத்தின் குறுக்கே கோடு கிழித்திருப்பேன். ஆயினும் இதையே வைத்துக்கொள்கிறேன். மணலைப் பற்றித் தெரியாதவருக்கு இந்தக் கதையில் என்ன குற்றம் நடந்தது என்பதே விளங்காது.

தொட்டி கூடத்தில், செருப்பு அடுக்கின்மேல் இருக்கிறது. பயணப்பெட்டி ஒன்றின் அளவு. நடுவில் துளைகள் நிறைந்த ஒரு பாறை. அதன்மேல் பவள உயிர்கள் ஒட்டிக்கொண்டு, பகலில் விரிந்தும் இருட்டினால் சுருங்கியும் வாழ்கின்றன. அடியில் இரண்டு விரற்கடை கனத்துக்கு வெண்மணல். மீன்கள் உண்ணாமல் விட்ட உணவும், உண்டபின் விட்டதும் அந்த மணலில்தான் இறங்குகின்றன. மணலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருந்து அந்த அழுக்கைத் தின்று செரிக்கின்றன. ஆனால் அவற்றின் வயிற்றுக்கும் ஓர் அளவு உண்டு. மணலைத் தொடாமலே விட்டால் அழுக்கு மிகுந்து, செம்பழுப்பு நிறத்தில் ஒரு படலம் போர்வைபோல மூடிவிடும். ஒரே நாளில் முழுவதையும் கிளறினாலோ, அடியில் அடங்கிக் கிடந்த நச்செல்லாம் மேலே வந்துவிடும். செரித்துக்கொண்டிருந்த நுண்ணுயிர்களும் வீடிழந்துபோகும்.

ஆகவே பாதிப்பாதியாகச் செய்ய வேண்டும். பாறையே எல்லைக்கோடு. ஒரு முறை இடப்பாதி. இரண்டு வாரம் கழித்து வலப்பாதி. அகன்ற வாயுள்ள உறிஞ்சுகுழாயை மணலில் குத்தினால் மணல் குழாய்க்குள் எழுந்து சுழலும். கனமில்லாத அழுக்கு மட்டும் மேலேறி, குழாய்வழியே வாளிக்குப் போகும். விரலால் குழாயை நசுக்கினால், கழுவிய மணல் தன் இடத்திலேயே உதிரும். பார்ப்பதற்கு மிக நிறைவான வேலை. பிழையை மட்டும் நீக்கி வாக்கியத்தை அதே இடத்தில் விட்டுவைக்கும் வித்தை எல்லா ஆசிரியர்களுக்கும் வாய்ப்பதில்லை.

[குறிப்பு: இதை நான் 'மணற்படுகை' என்பேன், மாப்பிள்ளை 'சேண்ட் பெட்' என்பார், என் மகள் 'அந்த மண்ணு' என்பாள். மூன்றும் ஒன்றே.]

3

கொத்தனாருக்குக் கண்பார்வை மிகக் குறைவு. அவருடன் குடியிருப்பது ஓர் உளுவை மீன். மஞ்சள் உடம்பு, கவலை தோய்ந்த முகம். அதற்குக் காவற்காரர் என்று பெயர். இரண்டு பெயரும் மகள் வைத்தவை. பொருத்தமானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கொத்தனார் நாள் முழுவதும் வளைக்குள்ளிருந்து மணலை இரு கொடுக்குகளாலும் தள்ளிக்கொண்டு வந்து வெளியே கொட்டுவார். காவற்காரர் வாசலில் நிற்பார். வெளியே வரும்போதெல்லாம் கொத்தனார் தம் மீசைகளுள் ஒன்றைக் காவற்காரரின் முதுகில் வைத்திருப்பார். ஆபத்து என்றால் காவற்காரர் வாலை ஒரு சிமிட்டுச் சிமிட்டுவார். உடனே இருவரும் உள்ளே. கொத்தனாருக்குக் கோபம் வந்தால் பெரிய கொடுக்கைச் சொடுக்குவார். அந்த ஓசை அடுக்களைவரை கேட்கும். "போங்கப்பா, உங்களத்தான் கூப்பிடுறாரு" என்பாள் மகள்.

கண் தெரியாத ஒருவரும் மண் தோண்டத் தெரியாத ஒருவரும், ஒரு சொல்லும் பேசாமல், ஒரே வீட்டில். இதை எனக்கும் மாப்பிள்ளைக்கும் உவமையாக்க வேண்டும் என்று என் கை துடிக்கிறது. ஆக்கமாட்டேன். அவர்கள் தொட்டுக்கொண்டாவது இருக்கிறார்கள்.

4

மாப்பிள்ளை என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு ஐயம் இருக்கிறது.

அவர் மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பவர். ஊரிலுள்ள உயர்ந்த கட்டடங்களில் மக்கள் சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் அவரைத்தான் அழைக்கிறார்கள். என் முன்னால் அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. நான் எதைச் சொன்னாலும் "சரிங்க மாமா" என்பார். நான் செய்தி பார்த்தால் தமக்குப் பிடித்த பந்தாட்டத்தை விட்டுவிடுவார். அது தெரிந்து நான் செய்தியை நிறுத்திவிட்டு எழுந்துபோவேன். நான் போனபின் அவரும் நிறுத்திவிடுவார். யாரும் பார்க்காத தொலைக்காட்சியை மகள்தான் வந்து அணைப்பாள். இவ்வளவு நல்லவரை வாசகர் நம்புவாரா? ஒரு குறையைச் சேர்க்க எண்ணி, "அவர் குறட்டை விடுவார், அதுவும்" என்று எழுதினேன். மகள் அடித்துவிட்டாள்.

மேலேயுள்ள மூன்று பகுதிகளையும் அவர் படித்துவிட்டார். கருத்து மகள்வழியே வந்தது.

"கதை ரொம்ப நல்லா இருக்காம்ப்பா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லையாம்." அறைப்பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்த மண்ணு கனம் பத்தி என்னவோ சொன்னீங்களே?"

உள்ளேயிருந்து குரல் வந்தது: "அது பரவாயில்ல. மாமா எழுதினதே இருக்கட்டும்."

"ரெண்டு விரற்கடை இடப்பக்கம்தானாம். வலப்பக்கம் மூணுக்கு மேலயாம். கொத்தனாரு தள்ளித் தள்ளி அங்கதான் குவிச்சு வெச்சிருந்தாராம்."

"மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா, திருத்திடறேன்னு."

"அவரு அடுத்த ரூம்லதான்ப்பா இருக்காரு. அவருக்கு நீங்க பேசறது கேக்குது, உங்களுக்கு அவரு பேசறது கேக்குது. நடுவுல நான் என்ன தபால்காரியா?"

திருத்தம் சரியானது. இரண்டாம் பகுதியில் பிழையை அழிக்காமல் விட்டிருக்கிறேன். வலப்பாதியின் கனத்தை நானே குறைவாக மதித்திருந்தேன் என்பதை வாசகர் பார்க்கட்டும். கனமான மணலில் அழுக்கும் கனமாகத்தான் இருக்கும்.

5

நடந்தது இது.

அந்தச் செய்திக்கு முந்தைய சனிக்கிழமை இடப்பாதியின் முறை. எங்கள் ஏற்பாட்டின்படி இடப்பாதி என்னுடையது, வலப்பாதி அவருடையது. முதல் நாள் உப்புத்தண்ணீர் வாளியைத் தூக்கியதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவனைப் பார்த்தால் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

மாப்பிள்ளை விடியுமுன் வேலைக்குப் போனார். போவதற்குமுன் இடப்பாதியை அவரே சுத்தம் செய்துவிட்டார். என்னை எழுப்பவில்லை, சீட்டு எழுதி வைக்கவுமில்லை. சொன்னால், 'உங்களால் முடியாது' என்று சொன்னதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாராம். (ஆதாரம்: தபால்காரி.)

எழுந்து வந்தவன் இடப்பாதி பளிச்சென்று இருப்பதைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. இப்போது நான் என்ன செய்யவேண்டும்? மாப்பிள்ளைக்கு நன்றி சொல்வதா? வீட்டு மனிதருக்கு நன்றி சொன்னால் அவரை விருந்தாளியாக்கியதுபோல் ஆகும். சும்மா இருப்பதா? அது உண்ட வீட்டுக்குச் செய்யும் துரோகம். என் வேலையை அவர் செய்துவிட்டார். அவர் வேலையை நான் செய்துவிட்டால் கணக்கு நேராகும். அடுத்த முறை அவர் வந்து பார்க்கும்போது வேலை முடிந்திருக்கும். அவரும் ஒன்றும் சொல்லமாட்டார்; நானும் சொல்லமாட்டேன்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டே வலப்பாதியில் குழாயை இறக்கினேன்.

(இங்கே கவனமுள்ள வாசகர் ஒருவர் கையை உயர்த்துகிறார்: "ஒரே நாளில் முழுவதையும் கிளறக்கூடாது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? மறந்துவிட்டதா?" மறக்கவில்லை. உட்காருங்கள். விதி முழுவதும் நினைவிலிருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அது எனக்கு மணலாகவே தெரியவில்லை. செலுத்தவேண்டிய கைம்மாறாகத்தான் தெரிந்தது.)

குழாய் நான் நினைத்ததைவிட ஆழமாக இறங்கியது. சாம்பல் நிறத்தில் புகைபோல ஒன்று கிளம்பியது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அழுக்கு நன்றாக வருகிறது என்று மகிழ்ந்து, இன்னும் அழுத்தினேன். பாறை ஓர் இம்மி கீழே இறங்கியது போலிருந்தது.

'போலிருந்தது' என்பதை நான் அப்படியே விட்டுவைக்கிறேன். கொத்தனாரின் வாசல் வலப்பாதியில், முன்கண்ணாடியை ஒட்டி இருந்தது. வாளி நிரம்பிய பிறகுதான் அங்கே வாசல் இல்லை என்பதைப் பார்த்தேன்.

6

மாலையில் மாப்பிள்ளை வந்தபோது தொட்டி கழுநீர்போல் கலங்கியிருந்தது. பவளங்கள் எல்லாம் முட்டியை மடக்கியதுபோல மூடிக்கொண்டிருந்தன. காவற்காரர், வாசல் இருந்த இடத்தில், இல்லாத வாசலுக்குக் காவல் நின்றார்.

"தப்பு என்னோடது மாமா. காலையில நான் கொஞ்சம் அழுத்திக் கிளறிட்டேன் போல."

"இல்ல மாப்பிள்ளை. நீங்க செஞ்சது சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் வலப்பக்கம் கை வெச்சேன்."

"எனக்காகத்தானே செஞ்சீங்க? அப்ப அதுவும் என் தப்புதான்."

"நீங்க எனக்காகச் செஞ்சதாலதானே நான் செஞ்சேன்? முதல் தப்பு என் இடுப்போடது."

"உங்க இடுப்பு பிடிச்சதே என் வாளியத் தூக்கினதாலதான மாமா."

"வாளியில என்ன மாப்பிள்ளை உங்க வாளி, என் வாளி?"

(உண்மையான உரையாடல் இதைவிட நீண்டது. இருவரும் குற்றத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வாசகரின் பொறுமையைக் கருதிச் சுருக்கியிருக்கிறேன். அன்று தொட்டியின் பொறுமையைக் கருத யாரும் இல்லை.)

மகள் அடுக்களையிலிருந்து வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"யாரு பெரிய குற்றவாளின்னு அப்புறமா ஏலம் விட்டுக்கலாம். முதல்ல தண்ணிய மாத்துங்க. அதுங்க மூச்சு முட்டிச் சாவுது, இங்க மரியாதை நடந்துட்டிருக்கு."

பால்கனியிலிருந்த பீப்பாயில் கலந்து வைத்திருந்த உப்புத்தண்ணீர் முழுவதும் அன்று செலவாயிற்று. அவர் பழைய தண்ணீரை வெளியேற்ற, நான் புதியதை ஊற்ற, மகள் தரையைத் துடைக்க, தண்ணீர் ஒருவாறு தெளிந்தது. மறுநாள் காலையில் பவளங்கள் ஒன்றிரண்டு விரல்களை நீட்டிப் பார்த்தன. சொடுக்கும் ஓசை மட்டும் வரவில்லை. பாறையடியில், மணல்மேல், மீசையோடும் கால்களோடும் கொத்தனாரின் உருவம் கிடந்தது.

மகள் செய்தி அனுப்பியது அந்தக் கணத்தில்தான்.

மாப்பிள்ளை இடுக்கியால் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஒன்றுமில்லை. வெற்றுக்கூடு. இறால்கள் வளரும்போது, பாம்பைப்போலச் சட்டை உரிப்பதுண்டு. உரித்தபின் புதுத்தோல் இறுகும்வரை எங்காவது ஒளிந்திருக்குமாம். ஆனால் செத்த இறாலின் சதையைத் தொட்டியில் ஊரும் நத்தைகள் தின்றுவிட்டாலும் மிஞ்சுவது இப்படிப்பட்ட கூடுதான். முதுகில் பிளவு இருந்தால் உரித்த சட்டை என்று துணியலாம். எங்கள் நத்தைகள் முதுகையும் கொறித்திருந்தன.

வளர்ப்புமீன் விற்கும் மீன்கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டோம். "சட்டையாவும் இருக்கலாம், சாவாவும் இருக்கலாம் சார். பொறுத்துப் பாருங்க. வேற இறால் வேணும்னா சொல்லுங்க, இன்னிக்குத்தான் புதுசா வந்திருக்கு."

7

மறுவாரம் என் பொறுமை தீர்ந்தது. பாறையை மெல்லத் தூக்கி, வலப்பாதியை விரலால் தடவிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கைவரை தொட்டிக்குள் விட்டேன்.

"கை வைக்காதீங்க மாமா."

திரும்பினேன். மாப்பிள்ளை, கையில் கருவிப்பையோடு, வாசலில் நின்றார். சொன்னது தாம்தானா என்று அவருக்கே ஐயம் வந்ததுபோலிருந்தது. அடுக்களையில் பாத்திர ஓசை நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"கை வைக்காதீங்கன்னு சொன்னேன்." சற்றுப் பொறுத்து, "மாமா" என்று சேர்த்துக்கொண்டார். "உயிரோட இருந்தா இப்ப உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். உங்க விரல் பட்டாலே போயிடும். இல்லன்னா... இல்லங்கறத இப்பவே தெரிஞ்சிக்கிட்டு என்ன பண்ணப்போறோம்?"

கையை எடுத்தேன். தண்ணீர் செருப்புகளின்மேல் சொட்டியது. எனக்குச் சினம் வந்திருக்க வேண்டும். பாத்திரப் படைப்புக்கும் அதுவே பொருத்தம். ஆனால் வகுப்பில் வாயே திறக்காத மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கரும்பலகையில் நீங்கள் எழுதிய விடை தவறு" என்று சொன்னால் வரும் மகிழ்ச்சி இருக்கிறதே, அதுதான் வந்தது.

"சரிங்க மாப்பிள்ளை" என்றேன்.

அடுக்களையில் பாத்திர ஓசை மீண்டும் கேட்டது.

8

முடிவுகள்.

(அ) ஒரு மாலை, மூவரும் உண்டுகொண்டிருக்கையில், தொட்டியிலிருந்து ஒரு சொடுக்கு. மூவரும் உண்பதை நிறுத்துகிறோம். மிக நன்றாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு நானே கலங்கினேன். கிழித்துவிட்டேன். நடக்காததை எழுதியதற்காக இல்லை. கதையென்றால் நடக்காததும் வரும். எழுதிய நாள் முதல், உண்ணும்போதெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்; சோறு இறங்கவில்லை.

(ஆ) புதிய கொத்தனார் ஒருவர் வருகிறார்; காவற்காரர் அவரை ஏற்றுக்கொள்கிறார். மீன்கடைக்காரர் பரிந்துரைக்கும் முடிவு.

(இ) "பாறையைத் தூக்கியபோது அங்கே"

இதை முடிக்க விருப்பமில்லை.

9

இதை எழுதும்போது மார்ச் பிறந்துவிட்டது. காவற்காரர் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறார். சில காலைகளில் பாறையோரம் ஒரு சிறு மணற்குவியல் புதிதாக இருக்கிறது. கொத்தனார் தள்ளியதாக இருக்கலாம், ஆனால் உளுவைகளும் வாயில் மணலள்ளித் துப்பும், நத்தைகளும் உழும். அது சான்றாகாது.

இதற்கிடையில் வலப்பாதியில் செம்பழுப்புப் படலம் படரத் தொடங்கிவிட்டது. அதன் முறை வந்து, தள்ளிப்போய், மீண்டும் வந்திருக்கிறது. நேற்று மாலை நாங்கள் இருவரும் தொட்டியின்முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவர் கால்மேல் கால் போட்டிருந்தார். நான் கவனிக்காததுபோல் கவனித்தேன்.

"சுத்தம் பண்ணியே ஆகணும் மாப்பிள்ளை. படலம் போர்வையா மூடிட்டா, அடியில இருக்கறவருக்கும்தான் மூச்சு முட்டும். பவளமும் போயிடும்."

"குழாய விட்டா நேரா அவரு தலையிலதான் இறங்கும் மாமா. இன்னும் கொஞ்ச நாள் விடுங்க."

"கொஞ்ச நாள் கொஞ்ச நாள்னு எத்தனை கொஞ்சம்? அவரு பாறைக்கடியிலதான் இருப்பாரு. வெளிமணல்ல அவருக்கு என்ன வேலை?"

"பாறை இறங்கிடுச்சுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"போலிருந்ததுன்னு எழுதியிருக்கேன்."

"அதான், எனக்கும் அவரு வெளிமணல்லதான் இருக்கற மாதிரி இருக்கு."

"நீங்க பிடிவாதக்காரர் மாப்பிள்ளை."

"உங்க பொண்ணுகிட்டக் கத்துக்கிட்டதுதான்."

மகள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "கண்ணாடி ஓரமா மட்டும் லேசா பண்ணிட்டு விடுங்களேன்."

"அதுதானே வாசல்?" என்றோம் இருவரும், ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

"அப்ப என்னை ஏன் கேக்கறீங்க? ரெண்டு பேரும் நேரா சண்டை போட ஆரம்பிச்சுட்டீங்க. எனக்கு வேலை மிச்சம்." மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது அவள் பாடிக்கொண்டே போனதை நான் குறித்துக்கொண்டேன்.

சண்டை தொடர்ந்தது. இடையில் அவர் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். குடித்துவிட்டு மீண்டும் தொடர்ந்தோம். இவ்வீட்டில் இவ்வளவு இனிய மாலைப்பொழுது ஒன்றை நான் அண்மையில் கண்டதில்லை. ஆனாலும் மணல் அப்படியேதான் இருக்கிறது. கிளறவேண்டும் என்பதற்கு ஒரு வாக்கு. கூடாது என்பதற்கு ஒரு வாக்கு.

வாசகரே, நாளை சனிக்கிழமை. குழாயைக் கழுவி, வாளிக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். கிளறினால் பவளங்கள் பிழைக்கும். மணலில் ஓர் உயிர் இருந்தால் அது போகும். விட்டுவைத்தால் அந்த உயிருக்கு இன்னும் சில நாள் கிடைக்கும். அப்படி ஓர் உயிர் இல்லையென்றால், இல்லாத ஒருவருக்காக இருப்பவையெல்லாம் வாடும். கதையின் முடிவு அந்த மணலுக்குள் இருக்கிறது. நான் அதை எழுதப்போவதில்லை. குழாயைப் பிடியுங்கள். வயதில் மூத்தவன் என்று என் பக்கமோ, தொட்டிக்கு உரியவர் என்று அவர் பக்கமோ சாயாமல், வலப்பாதியை மட்டும் பார்த்துவிட்டு உங்கள் விடையைச் சொல்லுங்கள். கிளறலாமா, கூடாதா? இரண்டில் ஒன்று. "உங்கள் விருப்பம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.